சரிங்க அண்ணன் சொல்ல வந்தது

அத்தியாயம் 14

அந்தத் தாளைப் பெரியவள் நேற்றிலிருந்து ஏழாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்தும் மாறவில்லை, அவள் கோபமும் மாறவில்லை.

'மூன்றாம் மாடி வார்டு, பதினோராம் எண் படுக்கை. ரத்த அழுத்த மாத்திரை இருக்க வேண்டிய கிண்ணத்தில் சர்க்கரை மாத்திரை இருந்தது. நோயாளிக்குக் கொடுக்கும் முன் கவனிக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தவறு.'

அதை எழுதிய கை எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு மளிகைப் பட்டியலையும் அதே உருண்டை எழுத்துதான் எழுதும்.

சின்னவள். கொழுந்தனின் மனைவி. அவளுடைய ஓரகத்தி.

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். பெரியவள் தரைத்தளத்து மருந்தகத்தின் பொறுப்பாளர். சின்னவள் மூன்றாம் மாடியில் நர்ஸ். வீட்டிலும் அப்படித்தான், பெரியவள் கீழே, சின்னவள் மேலே. ஆனால் சாப்பாடு மட்டும் எப்போதும் கீழே, ஒரே மேஜையில்.

அதுவும் பன்னிரண்டு நாட்களாக இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, தட்டின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தூங்கப் போன சின்னவளைப் பார்த்து, "விருந்தாளி மாதிரி வர்றே, சாப்பிடறே, போறே" என்று பெரியவள் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டது. விழுந்ததை எடுக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் முதல் சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பள்ளி வேன் ஓட்டும் கொழுந்தன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு படியேறினான்.

"பழி வாங்கறா" என்றாள் பெரியவள், காலைச் சாப்பாட்டை நகர்த்தியபடி. "இல்லன்னா நேரா கீழ வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஏன் எழுதி மேலிடத்துக்கு அனுப்பணும்?"

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்த அவள் கணவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசிப் பன்னெண்டு நாளாச்சு. எப்படி வந்து சொல்லுவா?"

"நீங்க யார் பக்கம்?"

"நான் சாப்பாடு இருக்கிற பக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தோளில் மாட்டினார். வாசல் வரை போனவர் நின்றார். "ஒரு லிஃப்ட் நின்னு போச்சுன்னா, முதல்ல உள்ள இருக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம். அப்புறம்தான் டூல்ஸ் பையைத் திறப்போம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பெரியவளுக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. அவள் தலைக்குள் நாலு மணி ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்குள் தவறு செய்தவர் யார், அவர் மேல் என்ன நடவடிக்கை என்று நிர்வாகிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

யார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வார்டின் மருந்து டிரேக்களை நிரப்புகிறவர் ஒரே ஒருவர்தான். பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சரிங்க அண்ணன்' என்றால் கேட்டில் நிற்கும் காவலாளி வரை தெரியும். ஐம்பத்திரண்டு வயது. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது 'சரிங்க'. விடுமுறை நாளில் வரச் சொன்னால் சரிங்க. இன்னொருவர் வேலையையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் சரிங்க. மேலதிகாரிகளுக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் சும்மா விடுவார்களா? பெரியவளும் விட்டதில்லை.

*

மருந்தகத்தில் கதவு வைத்த இடம் ஒன்றுதான், குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறை. யாரையாவது கண்டிக்க வேண்டும் என்றாலும், யாராவது அழ வேண்டும் என்றாலும் அங்கேதான்.

பத்தரை மணிக்கு அவரை அங்கே வரச் சொன்னாள். அவர் வந்து, கதவருகிலேயே நின்றார். அவளும் உட்காரவில்லை. நின்றபடியே மூன்று தேதிகளையும் வாசித்தாள். எந்த வார்டு, எந்தப் படுக்கை, எந்த மாத்திரைக்குப் பதில் எந்த மாத்திரை.

"சரிங்க மேடம்."

"என்ன காரணம் அண்ணே?"

"கவனக்குறைவுதான். எழுதிக் குடுத்துடறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவள் மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது. அழுகை இல்லை, வாக்குவாதம் இல்லை. மதியத்துக்குள் அறிக்கையை முடித்துவிடலாம்.

கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தார். "மேடம், இன்னைக்கு மத்தியான டிரேயை மட்டும் நான் முடிச்சுட்டுப் போகட்டுமா? பன்னெண்டு படுக்கைக்குப் போட்டாச்சு. பாதியில விட்டாத்தான் தப்பு வரும்."

பெரியவள் தாளை நீட்டிய கையை நிறுத்தினாள்.

வேலை போகுமா என்று கேட்கவில்லை இந்த மனிதர். மன்னிப்பும் கேட்கவில்லை. பாதியில் நிற்கும் டிரேயைப் பற்றிக் கவலைப்படுகிறார். இவரா கவனக்குறைவானவர்?

"பாதியில விட்டா தப்பு வரும்னா… அந்த மூணு நாளும் பாதியில விட்டீங்களா?"

"அது… ஒண்ணும் இல்ல மேடம்."

பெரியவள் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்னொன்றை அவருக்குக் காட்டினாள். தாளைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. பெரியவளுக்கு அமைதி என்றால் ஆகாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவளே மூன்று காரணங்களை யோசித்து வைத்துவிட்டாள். கண் பார்வை மங்கியிருக்கும், தூக்கம் போதவில்லை, வீட்டில் ஏதோ பிரச்சினை. மூன்றும் நாக்கு நுனியில் நின்றன. ஒன்றை எடுத்து நீட்டினால் போதும், அவர் 'சரிங்க' என்று வாங்கிக்கொள்வார். அதுதான் நடக்கும் என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வெளியே ஜன்னல் கவுண்டரில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"போன்தான் மேடம்" என்றார் அவர், கடைசியில். "நான் உக்கார்ற இடத்தை மாத்தினதுலேர்ந்து போன் என் கைக்குப் பக்கத்துல இருக்கு. ஒரு ஷிஃப்டுக்கு நாப்பது தடவை அடிக்குது. எந்திரிச்சு எடுத்துட்டு, கேட்டதைத் தேடிக் குடுத்துட்டு வந்து உக்காந்தா, எந்தக் கிண்ணத்துல விட்டேன்னு ஒரு நொடி தடுமாறுது."

"அதை எடுக்காம விட்டிருக்கலாமே அண்ணே. வேற யாராவது எடுத்திருப்பாங்க."

சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகம் மூடிக்கொண்டது.

"சரிங்க மேடம்" என்றார்.

எத்தனையோ வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாள். அதற்குள் இத்தனை இறக்கம் இருக்கும் என்று இன்றுதான் அவள் காதில் விழுந்தது.

"இல்ல அண்ணே. நான் குறுக்க பேசிட்டேன். தப்பு. நீங்க சொல்லி முடிங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் பேனா மூடியைத் திருகினார், மூடினார், மறுபடியும் திருகினார்.

"எடுக்காம விட முடியல மேடம். ஆறு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரி உடம்பு முடியாம படுத்திருந்தா. இங்க இல்ல, வேற ஆஸ்பத்திரி. நான் இங்க டூட்டில இருந்தேன். அவ எப்படி இருக்கான்னு கேக்க அந்த வார்டுக்குப் போன் போட்டேன். எடுக்கல. திரும்பப் போட்டேன். பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை எடுத்தாங்க. எடுத்து, உடனே கிளம்பி வாங்கன்னாங்க."

அவர் நிறுத்தினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"முதல் தடவையே எடுத்திருந்தா பொழைச்சிருப்பான்னு சொல்லல மேடம். டாக்டரே சொன்னார், அது முடிஞ்ச விஷயம்னு. ஆனா நான் போய்ப் பாத்திருப்பேன். கண்ணைத் திறந்து வெச்சிருக்கும்போது பாத்திருப்பேன். இப்ப இங்க மணி அடிச்சா, அந்தப் பக்கம் எவனோ என்னை மாதிரி நிக்கிறான்னு தோணுது. எடுத்துடறேன்."

கவிழ்த்து வைத்த தாளின் மேல் பெரியவளின் விரல்கள் அசையாமல் இருந்தன. மனைவி போய்விட்டாள் என்று அவளுக்குத் தெரியும். மாலை வைக்க ஆஸ்பத்திரியிலிருந்து போனவர்களில் அவளும் ஒருத்தி. எப்படிப் போனாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"இடம் மாத்தின அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே" என்றாள், மிகவும் தாழ்ந்த குரலில். இந்த முறை அது குறையாக வரவில்லை.

"வந்தேன் மேடம். ரெண்டு தடவை. முதல் தடவை, சரிங்க, ஆனா போன் பக்கத்துல வேணாமேன்னு ஆரம்பிச்சேன். சரிங்கன்னதுமே நீங்க போயிட்டீங்க. ரெண்டாவது தடவை, அப்புறம் பேசலாம் அண்ணேன்னீங்க. உங்களுக்கு நிறைய வேலை. நான் ஒண்ணும் நினைக்கல."

அவர் உண்மையிலேயே ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. புதுக் கம்ப்யூட்டர் வந்தது, பிளக் இருந்த மூலை அவருடையது, அவர் மேஜையைப் போன் பக்கம் நகர்த்தச் சொன்னாள். அவ்வளவுதான் அவள் ஞாபகத்தில் இருந்தது. அவர் வந்து நின்றதோ, தான் 'அப்புறம்' என்று சொன்னதோ எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணே."

"ஐயோ, எதுக்கு மேடம்…" அவர் பதறிப்போய் எழுந்தார். எழுந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கப் பார்த்தார். "யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பதினேழு தடவை. என் பொண்ணுகிட்டகூட சொல்லல. நல்லா இருக்கு, சொன்னதுக்கு அப்புறம். ரொம்ப நன்றி மேடம்."

நன்றி சொல்ல வேண்டியது யார், சொல்கிறது யார் என்று பெரியவள் நினைத்தாள். அந்தப் பதினோராம் எண் படுக்கையில் இருந்தவர் தப்பு மாத்திரையை விழுங்கியிருந்தால் இந்த அறையில் இந்தப் பேச்சு நடந்திருக்காது. வேறு எங்கேயோ, வேறு யாரோடோ, தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கும்.

"போய் டிரேயை முடிங்க" என்றாள். "மேஜையை நகர்த்தற வரைக்கும் போன் நான் எடுக்கறேன்."

"சரிங்க மேடம்" என்றார் அவர். இது வேறு சரிங்க.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவளே போன் எடுத்தாள். எட்டு முறை எழுந்தாள். பக்கத்தில் விரித்து வைத்த கொள்முதல் பட்டியலில் எந்த வரியில் நின்றோம் என்று ஆறு முறை தடுமாறினாள்.

*

நிர்வாகியின் அறையில் எல்லாம் நேர்க்கோட்டில் இருக்கும். மேஜை மேல் பேனா கூட.

"பேர் எழுதிட்டீங்களா மேடம்?"

"எழுதிட்டேன் சார்."

அவர் படித்தார். புருவம் ஏறியது. "இது உங்க பேர்."

"மேஜையை அங்க நகர்த்தச் சொன்னது நான். வேணாம்னு சொல்ல வந்தவரை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினதும் நான். மருந்து எண்ணிப் போடறவர் பக்கத்துல போனை வெச்சது யாருன்னு கேட்டா, என் பேர்தான் வரும்."

"விசாரணைக் கமிட்டிக்கு ஆள் வேணும் மேடம். மேஜை இடம் மாறினதுதான் காரணம்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க."

"ஆளைத்தானே சார் எழுதியிருக்கேன்."

நிர்வாகி நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர் இல்லை, எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். "அடுத்த மாசம் உங்க பதவி உயர்வு ஃபைல் மேல போகுது. இந்த நேரத்துல இது தேவையா? கொஞ்சம் யோசிங்க."

பெரியவள் யோசித்தாள். பதினாறு வருடம் காத்திருந்த ஃபைல் அது. அறிக்கையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள்.

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன். போனை ஜன்னல் கவுண்டருக்கு மாத்தணும், அதை எடுக்க ஷிஃப்டுக்கு ஒரு ஆள் வேணும். மருந்து போடறவங்களை அந்த நேரத்துல யாரும் கூப்பிடக் கூடாது. அதுவும் எழுதியிருக்கேன்."

அவர் பெருமூச்சு விட்டுக் கோப்பைத் திறந்தார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு எழுதறீங்களா? இதையேதான் உங்க வீட்டு நர்ஸும் எழுதியிருக்காங்க."

"யாரு?"

"ரெண்டாவது பக்கத்துல."

"எனக்கு ஒரு பக்கம்தான் வந்துது சார்."

"ஆமா. ரெண்டாவது பக்கம் வெறும் அபிப்பிராயம். முக்கியமான பக்கத்தை உங்களுக்கு அனுப்பச் சொன்னேன்."

அவர் தாளைத் திருப்பி வைத்தார். அதே உருண்டை எழுத்து.

'இந்த டிரேக்களை நிரப்புபவர் பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறார். நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் டிரேயில் ஒரு மாத்திரை மாறி வந்து பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் மூன்று என்றால், அவர் வேலை செய்யும் இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது. அவரிடம் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். மருந்தகப் பொறுப்பாளர் அதைச் செய்யக்கூடியவர்.'

கடைசி வரியைப் பெரியவள் இரண்டு முறை படித்தாள். எழுத்துகள் கலங்கின. பன்னிரண்டு நாள் பேசாதவள் எழுதிய வரி.

"உங்க ஃபைலைப் பத்தி நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது" என்றார் நிர்வாகி, இப்போது சற்று மெதுவாக. "ஆனா போனை நாளைக்கே மாத்திடலாம்."

"அது போதும் சார். ரொம்ப நன்றி."

*

ஆறு மணிக்கு மூன்றாம் மாடி வார்டு வாசலில் நின்றாள். சின்னவள் அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லி ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்தும் பார்வையை விலக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

இரண்டு பேரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள். முதல் மாடி வரை செருப்புச் சத்தம் மட்டும்தான்.

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சாப்பாட்டில் உப்புச் சரியாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார்கள், அதுதான் நன்றி. பெரியவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டாவது பக்கத்தைப் பாத்தேன்" என்றாள். "இன்னைக்குத்தான்."

சின்னவள் நின்றாள். "அப்ப நேத்து முழுக்க முதல் பக்கத்தை மட்டுமா வெச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

"என்னைத் திட்டியிருப்பீங்களே."

"எங்க வீட்டுக்காரர் காது வலிக்கிற அளவுக்கு."

சின்னவள் சிரித்துவிட்டாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பெரியவளுக்குக் கால் வலி, காலையிலிருந்து நின்றது, நிர்வாகியின் பெருமூச்சு எல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது.

"நீ கவனிக்கலன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா உடம்பே நடுங்குது" என்றாள். "அந்தப் படுக்கைக்காரருக்கும், சரிங்க அண்ணனுக்கும், எனக்கும். அப்புறம்… அன்னைக்கு விருந்தாளின்னு சொன்னேனே. தப்புச் சொல்லு அது. மன்னிச்சுக்கோ."

"அன்னைக்கு வார்டுல ரெண்டு பேர் போயிட்டாங்க அக்கா" என்றாள் சின்னவள். "சாப்பாடு உள்ளயே இறங்கல. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் கீழ உக்காந்திருந்தேன்."

பெரியவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வந்து, தான் கேட்காமல் விட்டவர்களில் ஒரே நாளில் இது இரண்டாவது ஆள்.

"இன்னைக்கு சொல்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

பஸ் நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து சின்னவள் சொன்னாள். ஒரு வயதானவர், ஒரு கல்லூரிப் பெண். அந்தப் பெண்ணின் அம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்றாள். பெரியவள் கேட்டாள். 'உடம்பைப் பாத்துக்கோ', 'எல்லாம் சரியாயிடும்' இரண்டும் வாய் வரை வந்து திரும்பிப் போயின. இரண்டு பஸ்கள் வந்து நின்று போயின. கடைத்தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

சொல்லி முடித்ததும் சின்னவள் கைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தாள். பிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு அக்கா. நான் நர்ஸுங்களுக்குப் பாடம் எடுக்கற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். கிடைச்சிருக்கு. ஆனா வேற ஊர். ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"கொழுந்தனார் என்ன சொல்றார்?"

"அவருக்குத் தெரியாது. எழுதிப் போட்டதே தெரியாது."

பெரியவள் மனசுக்குள் பத்து பதில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. அவரிடம் மறைக்கலாமா, வீடு என்ன ஆவது, நீ போய்விட்டால் எனக்கு யார். கடைசியில் வந்ததுதான் நிஜம் என்று அவளுக்கே தெரிந்தது. அதையும் விழுங்கினாள்.

"உனக்கு என்ன தோணுது?" என்றாள்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன. "இந்தக் கேள்வியை யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துது அக்கா. எனக்கு…"

ஹாரன் சத்தம் கேட்டது. மஞ்சள் நிறப் பள்ளி வேன் ஒன்று பெஞ்சின் எதிரே வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய கொழுந்தனின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணியும் நீயும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க? என் கண்ணை நம்பலாமா? வேனை ஷெட்டுல விடப் போறேன், ஏறுங்க, ரெண்டு பேரையும் வீட்ல இறக்கிட்டுப் போறேன்." பிறகு அவன் கண் சின்னவளின் மடியில் போய் நின்றது. "அது என்ன லெட்டர்?"

சின்னவள் பெஞ்சின் மேல் இருந்த பெரியவளின் கையைத் தேடிப் பிடித்தாள். வலிக்கும் அளவுக்கு இறுக்கமான பிடி. பெரியவள் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.